அமெரிக்கப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகலாமா?

இந்தியாவில் ஒரு கல்லூரியில் ஆறு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்துவிட்டு நியூஜெர்சிக்கு வந்திருப்பதாகவும், இங்கே ஆசிரியர் பணிக்கான தகுதிச் சான்றிதழ் கிடைத்துவிட்டதாகவும், ஒரு பொதுப்பள்ளி உங்களிடம் ஒன்பதாம் வகுப்பை ஒப்படைக்க முன்வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டான இந்த ‘ஃப்ரெஷ்மன்’ வகுப்பு மட்டும் வேண்டாம், பதினொன்றோ பன்னிரண்டோ கேட்டு வாங்குங்கள் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள் என்றும், போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சம்பளம் பற்றியோ விசா பற்றியோ நீங்கள் கேட்கவில்லை. பிள்ளைகள் சொன்னபடி கேட்பார்களா என்றுகூடக் கேட்கவில்லை. “இவ்வளவு உழைத்தால் அதற்கு ஏதாவது கண்ணில் தெரியுமா?” என்பது உங்கள் கடைசி வரி. உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் இதே மாநிலத்தில் இரண்டு பொதுப்பள்ளிகளில் பதினெட்டு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். இரண்டே ஆண்டுகள் நீங்கலாக எல்லா ஆண்டும் ஒன்பதாம் வகுப்பு எடுத்திருக்கிறேன். இரண்டும் நடுத்தர அளவுள்ள புறநகர்ப் பள்ளிகள். நாற்பது பேர் உட்காரும் பெருநகர வகுப்பறைகளையோ, ஓர் ஆசிரியரே நான்கு ஆண்டு ஆங்கிலத்தையும் எடுக்கும் சிறு கிராமப் பள்ளிகளையோ உள்ளிருந்து நான் அறியேன். கீழே நான் உறுதியாகச் சொல்பவற்றில் சில ஆய்வுகளால் நிறுவப்பட்டவை, மற்றவை என் அனுபவத்தில் மீண்டும் மீண்டும் கண்டவை. எது எந்த வகை என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பிள்ளைகளைப் பற்றி. செப்டம்பரில் உங்கள் முன் வந்து உட்காருகிறவர்களுக்கு வயது பதினான்கு; ஜூன் மாதம் போகும்போது பெரும்பாலோர்க்குப் பதினைந்து. கல்லூரி மாணவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வயது முதலில் பிடிபடாது. ஒரே மாணவன் காலையில் முதிர்ந்த மனிதனைப் போல ஒரு கேள்வி கேட்பான். மதியம் பக்கத்தில் இருப்பவனின் பென்சிலைப் பிடுங்கி ஒளித்து வைப்பான். வெவ்வேறு நடுநிலைப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் என்பதால் ஒருவர் ஏற்கெனவே பத்துக் கட்டுரை எழுதியிருப்பார். இன்னொருவர் ஒரு பத்திக்கு மேல் எழுதியதே இல்லை. 2024ல் நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வில், எட்டாம் வகுப்பு மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வாசிப்பில் ‘அடிப்படை’ என்ற கோட்டுக்கும் கீழே இருந்தனர். அந்தத் தேர்வின் வரலாற்றில் அதுவே மிக அதிகம். எட்டாம் வகுப்பு முடித்த அந்தப் பிள்ளைகள் அடுத்து வந்து நின்றது எங்கள் வகுப்பறை வாசலில்தான். அவர்களுக்கும், தாங்களாகவே தடித்த நாவல்களைத் தேடி வாசிக்கிறவர்களுக்கும் ஒரே அறையில், ஒரே நூலை, நாற்பத்திரண்டு நிமிடத்தில் நடத்த வேண்டும்.

ஆனாலும் என்னைச் சோர்வடையச் செய்தது பிள்ளைகள் அல்லர். அவர்கள் எழுதித் தரும் தாள்கள். இதைக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து வகுப்புகள், வகுப்புக்கு இருபத்தைந்து பேர் என்றால் 125 மாணவர்கள். ஒரு கட்டுரையை ஒழுங்காக வாசித்து இரண்டு வரி பயனுள்ளதாக எழுதப் பத்து நிமிடம் ஆகும். அப்படியானால் ஒரு முறை கட்டுரை வாங்கினால் 1,250 நிமிடம், ஏறத்தாழ 21 மணி நேரம். பாடம் தயாரிக்கப் பள்ளி உங்களுக்குத் தருவது நாளுக்கு ஒரு பிரிவேளை, அதாவது வாரத்துக்கு மூன்றரை மணி. அந்த நேரத்தில் வேறு எதையும் செய்யாமல் திருத்த மட்டுமே செய்தாலும் ஒரு கட்டு முடிய ஆறு வாரம் ஆகும். ஆறு வாரம் கழித்துத் திரும்பி வரும் கட்டுரையை எந்தப் பதினான்கு வயதுப் பிள்ளையும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆகவே சனி ஞாயிறுகளும் இரவுகளும் போகும். உங்கள் நண்பர்கள் ‘வேண்டாம்’ என்றதற்குப் பின்னால் இந்தக் கணக்குத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

இந்தத் துயரம் புதிதன்று. அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களின் தேசியக் கழகம் 1911ல் சிகாகோவில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் வெளிவந்த, ‘இங்கிலீஷ் ஜர்னல்’ என்ற ஆங்கில ஆசிரியர் இதழின் முதல் இதழில், கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வின் ஹாப்கின்ஸ், இன்றைய நிலைமைகளில் கட்டுரை எழுதுவதை நன்றாகக் கற்பிக்க முடியுமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதன் முதல் சொல் ‘இல்லை’ என்பது. ஆசிரியருக்கு மாணவர் எண்ணிக்கை அதிகம், அத்தனை தாள்களை வாசிப்பது உடலால் இயலாது என்பதே அவர் வாதம். அதே கழகம் பின்னாளில் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர் ஒருவருக்கு 80 மாணவர்களுக்கு மேல் கூடாது என்று பரிந்துரைத்தது. நானோ ஒரே ஒரு ஆண்டு மட்டும், அதுவும் பள்ளியில் சேர்க்கை குறைந்ததால், 96 பேருடன் இருந்திருக்கிறேன். அந்த ஆண்டில் நான் செய்த வேலையின் தரம் வேறு. அதை என் தாள்களிலேயே பார்க்க முடிந்தது.

இனி, நானாக வரவழைத்துக்கொண்ட சோர்வைச் சொல்கிறேன். முதல் மூன்று ஆண்டுகள் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு பிழையையும் சிவப்பு மையால் சுழித்தேன். காற்புள்ளி விடுபட்ட இடம், ஒருமை பன்மை மயக்கம், காலமாற்றம், எதையும் விட்டதில்லை. வாரத்தில் இரண்டு நாள் இலக்கணப் பயிற்சித் தாள் கொடுத்தேன். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய மாணவி மறுநாள் கட்டுரையில் அதே பிழைகளைச் செய்தாள். என் கற்பித்தலில்தான் குறை என்று நெடுநாள் வருந்தியிருக்கிறேன். இந்த விஷயத்தில் ஆய்வு முடிவுகள் ஏறக்குறைய ஒருமித்தே இருக்கின்றன. பிராடக்கும் இரு சகாக்களும் 1963ல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோதே, தனியாகப் பிரித்து நடத்தும் இலக்கணப் பாடம் மாணவரின் எழுத்தை மேம்படுத்துவதில்லை என்று எழுதிவிட்டனர். கிரஹாமும் பெரினும் 2007ல் வெளியிட்ட தொகுப்பாய்வும் அதையே உறுதி செய்தது. எழுதுமுன் திட்டமிடுவது, எழுதியதைத் திருத்துவது ஆகியவற்றுக்கான வழிமுறைகளைப் படிப்படியாகக் கற்றுக்கொடுத்தால் நல்ல பலன் உண்டு. சிறுவாக்கியங்களை இணைத்துப் பெருவாக்கியமாக்கும் பயிற்சிக்கும் ஓரளவு பலன் உண்டு என்று அதே ஆய்வு கூறியது. இன்று ஒரு தாளில் ஒரே வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றைக் கண்டும் காணாமல் விடுகிறேன். அப்படி விடுவதற்கு எனக்குப் பல ஆண்டுப் பழக்கம் தேவைப்பட்டது.

இங்கே ஒரு விஷயம் உங்களுக்குச் சாதகமானது. ஆங்கிலத்தைக் காதால் பெற்ற பிள்ளைகள் செய்யும் பிழைகளும், நாம் கண்ணால் கற்றுச் செய்யும் பிழைகளும் வேறு வேறு. நமக்குத் தடுமாற்றம் தரும் ‘தி’, ‘ஏ’ போன்ற சொற்களில் அவர்கள் தவறுவதே இல்லை. ஏன் அங்கே அது வருகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் ‘குட் ஹேவ்’ (could have) என்று எழுத வேண்டிய இடத்தில், பேச்சில் தேய்ந்து ஒலிப்பதை அப்படியே கேட்டு, ‘குட் ஆஃப்’ (could of) என்று எழுதுவார்கள். ஒரே ஒலியும் மூன்று எழுத்துக்கூட்டலும் (there, their, they’re) கொண்ட ‘தேர்’ என்ற சொல் நான்காண்டு முடிந்தும் சிலரை விடாது. தமிழ்ப் பிள்ளை லகர ளகரத்தில் தடுமாறுவது மொழி தெரியாததால் அல்ல என்பது நமக்குத் தெரியும். அவர்கள் நிலையும் அதுவே. விதியை விதியாகக் கற்ற நீங்கள் அதை அவர்களுக்கு விளக்க இயலும். நம் உச்சரிப்பைப் பற்றி நீங்கள் தயங்கத் தேவையில்லை. முதல் இரண்டு வாரம் சிலர் கவனிப்பார்கள், ஒருவர் வெளிப்படையாகக் கேட்கவும் செய்வார். நேராகப் பதில் சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்துவிடும்.

மதிப்பெண் இன்னொரு முள். 1961ல் பால் டீடரிக்கும் அவருடைய சகாக்களும் 300 கட்டுரைகளை வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் கொடுத்து ஒன்பது படிநிலைகளில் தரம் பிரிக்கச் சொன்னார்கள். நூற்றுக்கு 94 கட்டுரைகள் குறைந்தது ஏழு வேறுபட்ட தரங்களைப் பெற்றன. ஒரே அளவுகோலை முன்கூட்டி ஒப்புக்கொண்ட ஆசிரியர்களுக்கிடையே இவ்வளவு வேறுபாடு வருவதில்லை என்பது உண்மையே. என்றாலும் ஒரு கட்டுரைக்கு 86 போடுவதா 88 போடுவதா என்று நள்ளிரவில் யோசித்த நேரமெல்லாம் வீண் என்பதை அந்த ஆய்வுதான் எனக்குப் புரியவைத்தது. ரூத் பட்லர் இஸ்ரேலில் நடத்தி 1988ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. கருத்துரை மட்டும் பெற்ற பிள்ளைகளின் வேலை முன்னேறியது. மதிப்பெண்ணும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்தக் கருத்துரையின் பயன் காணாமல் போனது. அவர் ஆராய்ந்தவர்கள் நம் மாணவர்களைவிடச் சிறியவர்கள். ஆனாலும் என் வகுப்பறையில் நான் காண்பது அதேதான். மதிப்பெண்ணைப் பார்த்த மறுகணம் தாள் பைக்குள் போய்விடும். எனவே முதலில் குறிப்பு எழுதிய தாளைத் தருகிறேன்; அவர்கள் வகுப்பிலேயே அதை வைத்துத் திருத்தி எழுதிய பிறகுதான் மதிப்பெண் இடுகிறேன். பெற்றோர் கைபேசியில் மதிப்பெண்ணை அன்றன்றே பார்க்கும் காலம் இது. ‘ஏன் இன்னும் ஏறவில்லை’ என்று மின்னஞ்சல் வரும். ஆண்டின் முதல் வாரத்திலேயே காரணத்தை எழுதி அனுப்பிவிடுவது நல்லது.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். என் அளவில், கண்ணில் தெரிவது அந்த இரண்டாம் வரைவில்தான். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தந்தை இறந்த பிறகு வீடு திரும்பும் ஒரு மகனைப் பற்றிய சிறுகதையை வகுப்பில் வாசித்தோம். எட்டாம் வகுப்பில் ஏறக்குறைய எதுவுமே எழுதாதவன் என்று முன்னறிவிப்போடு வந்த ஒரு மாணவன், ‘தாய் மிகவும் வருத்தமாக இருக்கிறாள். இது கதைக்கு முக்கியம்’ என்று எழுதி நிறுத்தியிருந்தான். ஓரத்தில் ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவன் கதையை மறுபடி புரட்டியதை என் மேசையிலிருந்து பார்த்தேன். இரண்டாம் வரைவில், ‘தாய் அழுததாகக் கதையில் எங்குமே இல்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டு எடுத்து வைக்கிறாள். பிறகு ஒன்றை அலமாரியில் திருப்பி வைக்கிறாள். அவள் கை இன்னும் பழைய கணக்கில் இருக்கிறது’ என்று எழுதியிருந்தான். எழுத்துப் பிழை நான்கு இருந்தது. அந்தத் தாளை நான் மூன்று முறை வாசித்தேன். ‘கை பழைய கணக்கில் இருக்கிறது’ என்பதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கதையிலும் அந்தச் சொற்கள் இல்லை. ஒரு மனம் ஒரு பொருளை உற்றுப் பார்த்துத் தானாக ஒன்றைக் கண்டடைந்ததற்கான சாட்சி அந்த ஒரு வரி. 125 தாள்களில் அப்படி ஐந்து கிடைத்தால் அது நல்ல வாரம். ஒன்றுகூடக் கிடைக்காத வாரங்களும் உண்டு. அவற்றைத் தேடி வாசிக்காவிட்டால் கண்ணில் படாது என்பதையும் சொல்ல வேண்டும். பிழையை மட்டும் தேடி வாசித்த முதல் மூன்று ஆண்டுகளில் இத்தகைய வரிகள் என் கையைக் கடந்து போயிருக்கும். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

வகுப்பறைப் பேச்சிலும் அப்படி ஒரு கணம் வரும். பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகம் உண்டு. ஜூலியட்டுக்குப் பதினான்கு வயது நிறைய இன்னும் இரண்டு வாரமும் சில நாட்களும் இருக்கின்றன என்று நாடகமே சொல்கிறது. தங்கள் வயதுதான் அவளுக்கு என்பதை அறிந்ததும் வகுப்பு சற்று நிமிர்ந்து உட்காரும். அதில் ரோமியோவுக்கு அனுப்பிய முக்கியமான கடிதம் போய்ச் சேராமல் போகும். கொள்ளைநோய் பரவிய வீட்டில் இருந்திருக்கலாம் என்ற ஐயத்தில் கடிதம் கொண்டுபோன துறவியை அதிகாரிகள் உள்ளே வைத்துக் கதவடைத்துவிட்டார்கள் என்பதே காரணம். எல்லா ஆண்டும் பிள்ளைகள் இதைக் கேலி செய்வார்கள். நாடகாசிரியர் வேறு வழியில்லாமல் வைத்த சாக்கு என்பார்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு பள்ளி முழுமையாகத் திறந்த ஆண்டில் யாரும் சிரிக்கவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி, “என் தாத்தாவை நாங்கள் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம், கதவடைப்பது சாக்கு இல்லை” என்றாள். நானூறு ஆண்டுப் பழமையான ஒரு காட்சிக்கு அந்த வகுப்பு அன்று பொருள் கண்டது. அதற்கு நான் எதுவும் செய்யவில்லை. நூலைக் கையில் கொடுத்துவிட்டு அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன், அவ்வளவே.

ஒன்பதாம் வகுப்பின் எடையைப் பற்றிச் சிலவற்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வு மையத்தில் எலைன் அலென்ஸ்வொர்த்தும் ஜான் ஈஸ்டனும் 2005ல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். முதலாண்டில் ஐந்து முழுப்பாட அளவுக்குத் தேறி, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இல்லாத மாணவர்களை ‘பாதையில் இருப்பவர்கள்’ என்று அவர்கள் வகுத்தனர். அவ்வாறு இருந்தவர்கள் நான்கு ஆண்டில் பள்ளிப்படிப்பை முடிக்கும் வாய்ப்பு, பாதை விலகியவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம். எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டிலும் இதுவே எதிர்காலத்தைச் சரியாகக் காட்டியது. இதைப் படிப்பதற்கு முன்பு, தாமதமாக வந்த கட்டுரைகளுக்குச் சுழியம் போட்டு ஒரு மாணவனை ஒரு பருவத்தில் தோற்கச் செய்தேன். எழுதத் தெரிந்தவன், சமர்ப்பிக்கத் தெரியாதவன். ஒழுங்கைக் கற்றுக்கொடுக்கிறேன் என்று நம்பியே அதைச் செய்தேன். அவன் பத்தாம் வகுப்பில் வருகை குறைந்து, பதினொன்றில் பள்ளியிலேயே இல்லை. என் ஒரு மதிப்பெண்தான் காரணம் என்று சொல்ல முடியாது. தோல்வி அவனைத் தள்ளியதா, தள்ளாடிக்கொண்டிருந்ததால் தோற்றானா என்பதை அந்த ஆய்வும் பிரித்துச் சொல்லாது. அன்றிலிருந்து தாமதமாக வரும் தாளை வாங்கிக்கொள்கிறேன். வராத தாளுக்காக மதிய உணவு வேளையில் மாணவனை என் அறைக்கு அழைத்து உட்கார்த்தி எழுதவைக்கிறேன். இது கூடுதல் வேலைதான். ஆனால் இந்த வேலையைப் பற்றி நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

செயற்கை நுண்ணறிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இரண்டாம் வரைவைப் பற்றி நான் மேலே எழுதியதற்கெல்லாம் அடியில் அது கைவைக்கிறது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அடுத்த செப்டம்பரிலேயே, பிழையே இல்லாத, யாருடைய குரலும் இல்லாத கட்டுரைகள் என் மேசைக்கு வரத் தொடங்கின. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் தாமே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அத்தகைய கருவிகள் இயந்திரம் எழுதியவை என்று தவறாகச் சொல்லின. நம்மைப் போல் ஆங்கிலம் கற்ற பிள்ளைகள்தான் பொய்க்குற்றத்துக்கு ஆளாவார்கள். நான் செய்வது, முதல் வரைவை வகுப்பிலேயே, பேனாவால், தாளில் எழுதவைப்பது. இது போதுமா என்றால் போதாது. நீண்ட கட்டுரைக்கு வகுப்பு நேரம் பற்றாது, கையால் எழுதுவதில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குச் சட்டப்படி கணினி தர வேண்டும். இந்தப் பகுதியில் எங்கள் யாரிடமும் தீர்ந்த விடை இல்லை.

சட்டம் என்றதும் இன்னொன்று. கற்றலில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கு 1975ல் வந்த சட்டத்தின் கீழ் தனிக் கல்வித் திட்டம் உண்டு. கூடுதல் நேரம், சுருக்கிய வேலை, அருகில் இருக்கை என்று அதில் எழுதியிருப்பதை ஆசிரியர் கட்டாயம் பின்பற்ற வேண்டும். கல்லூரியிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதிது. ஆகஸ்டில் அந்தக் கோப்புகளைக் கேட்டு வாங்கி வாசித்துவிடுங்கள். பிள்ளைகளைத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லும்போதும் எச்சரிக்கை தேவை. பதினான்கு வயதுப் பிள்ளை ஆசிரியரை நம்பிவிட்டால் எதையும் எழுதும். வீட்டில் அடி விழுவதாக ஒரு வரி வந்தால், இந்த மாநிலத்தில் அதை அறிந்த எவரும் குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கு உடனே தெரிவித்தாக வேண்டும். எனவே குறிப்பேட்டை முதல்முறை கொடுக்கும்போதே, உனக்கு ஆபத்து என்று தெரியவந்தால் அதை என்னால் இரகசியமாக வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிடுகிறேன். ஒருமுறை சொல்ல மறந்தேன். அந்த ஆண்டு ஒரு மாணவி எழுதியதை நான் தெரிவிக்க நேர்ந்தபோது, அவள் என்னிடம் மூன்று மாதம் பேசவில்லை. அவளுக்கு உதவி கிடைத்தது. என்றாலும் முன்னமே சொல்லியிருந்தால் அவள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்திருக்க மாட்டாள்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை என்ற ஐந்து பத்தி அச்சைக் கற்பிக்கலாமா கூடாதா என்று ஆசிரியர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். எழுதவே தொடங்காத பிள்ளைக்கு அது கைத்தடியாக உதவுவதைக் கண்டிருக்கிறேன்; நன்றாக எழுதும் பிள்ளையின் சிந்தனையை அது முடக்குவதையும் கண்டிருக்கிறேன். ஆகவே செப்டம்பரில் வைத்திருந்து பிப்ரவரியில் விடுகிறேன். இது என் பழக்கம் மட்டுமே. கைபேசியைப் பள்ளியில் முழுதாகத் தடை செய்வதால் வகுப்பு அமைதியாகிறது என்பது எனக்குத் தெரியும். வாசிப்பு வளர்கிறதா என்பதை என் இரண்டு பள்ளிகளை வைத்து முடிவு செய்ய மாட்டேன். முதல் பிரிவேளையில் தூங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். உயர்நிலைப் பள்ளி காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2014லேயே கூறியிருக்கிறது. பல பள்ளிகள் இன்னும் ஏழரையை ஒட்டியே தொடங்குகின்றன.

நன்றி கிடைக்குமா என்றால், பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் அளவு கிடைக்காது. பட்டமளிப்பு நாளில் பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்வது அவர்களோடுதான். உங்களை மூன்று ஆண்டில் பாதி மறந்திருப்பார்கள். முதலில் இது எனக்கு வலித்தது, இப்போது இல்லை.

போகலாம் என்பதே என் பதில். ஒப்புக்கொள்ளுமுன் பள்ளி முதல்வரிடம் மூன்றைக் கேளுங்கள்: மொத்தம் எத்தனை மாணவர்கள், எத்தனை வெவ்வேறு பாடத் தயாரிப்புகள், சிறப்புக் கல்வி மாணவர்கள் உள்ள வகுப்பில் உடன் ஆசிரியர் ஒருவர் இருப்பாரா. மாணவர்கள் 130க்கு மேல் போய், ஒன்பதோடு இன்னும் இரண்டு வகுப்புகளின் பாடமும் உண்டென்றால், முதலாண்டு ஆசிரியருக்கு அது தாங்காது. அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு பள்ளி பாருங்கள். சேர்ந்துவிட்டால், பள்ளி திறந்த முதல் வாரத்தில் எல்லாரையும் ஒரு பக்கம் எழுதச் சொல்லி வாங்கி, எதையும் திருத்தாமல், மதிப்பெண் இடாமல், ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். ஜூன் மாதத்தில் அதே பொருளில் இன்னொரு பக்கம் எழுதவைத்து, இரண்டையும் அருகருகே வைத்து நீங்கள் முதலில் வாசியுங்கள்; பிறகு அவரவர் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பிரிவேளை முழுவதும் வேறு பாடம் எதுவும் வைக்காதீர்கள்.